இடுப்புக்குக் கீழே

சத்துவாச்சாரி, மே மாதம்.
ஃபேன் வெக்கையைக் கிண்டிக்கொண்டிருக்கிறது.
மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி.
காமிராவுக்குத் தெரிவது பாதி மனிதன்.
டாக்டர் பேசியது மற்ற பாதியைப் பற்றி.

அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.
கத்தி. கதிர்.
இல்லையென்றால் மூன்று மாதத்துக்கொரு முறை ரத்தம் கொடுத்துவிட்டுக்
காத்திருப்பது.
கிளீசன் ஏழு; மூன்று கூட்டல் நாலு.
நாலு கூட்டல் மூன்று என்றால் வேறு கதையாம்.
பள்ளிக்கூடத்தில் இரண்டுக்கும் ஒரே மார்க்.

எக்செல்லில் போட்டுப் பார்த்தேன்.
ஒரு பத்தியில் ஒழுகும் மூத்திரம்,
ஒன்றில் எழாத உடம்பு,
கடைசியில் வருஷங்கள்.
கூட்டினால் பிழை காட்டுகிறது.

மால்டாவிலிருந்து இரண்டு ராத்திரி ரயிலேறி வந்தவர்கள்
வங்காளத்தில் பலகை எழுதிய லாட்ஜில்
டோக்கனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறார்கள்.
எனக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய்.
இத்தனை பக்கம் என்பதால்தானோ
கால் வரமாட்டேன் என்கிறது.

ரேணுகா நுங்குக் கிண்ணத்தைக்
காமிரா படாத ஓரத்தில் வைத்துப் போகிறாள்.
'எதுன்னாலும் எனக்குச் சரி'
நேற்று விளக்கை அணைத்த பிறகு சொன்னாள்.
எது என்று சொல்லவில்லை.
வெகுநேரம் புரண்டாள்.

'குணசீலன், பழைய சர்வரை எடுத்துவிடலாமா,
இல்லை, கொஞ்ச நாள் கண்காணிக்கலாமா?'
ரோட்டர்டாம் கேட்கிறது.
இரண்டுக்கும் சாதகம் பாதகம் சொன்னேன்,
தடுமாறாமல், ஏழு நிமிடம்.
வழக்கம்போலத் தெளிவு என்றார்கள்.

அழைப்பு முடிந்தது.
காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை.
காமிரா அணைந்துவிட்டதா என்று
இன்னொரு முறை பார்த்துவிட்டு
எழுந்தேன்.