பத்தாம் கட்டம்

எங்கள் ஊரின் பெயரிலேயே ஓர் எண் இருக்கிறது.
பதினைந்து வேலம்பாளையம்.
எதை எண்ணிப் பதினைந்தில் நிறுத்தினார்கள் என்றால்
ஆளுக்கொன்று சொல்வார்கள்.

எனக்கு ஒதுக்கிய தொகுதியில்
நூற்று நாற்பது வீடு, ஒரு பனியன் கம்பெனி,
காஜா பட்டன் கடை இரண்டு,
சாயம் ஓடிய தடம் மட்டும் மிஞ்சிய ஓடை.
ஞாயிற்றுக்கிழமை போனால்தான் ஆள் அகப்படும்.

அவினாசியப்பன் லைன்வீட்டு வாசலை மறைத்து நின்று
"எட்டுப் பேருன்னு போட்டுக்குங் டீச்சர்" என்றார்.
தண்ணி வரி அவர் கவலை.
நான் குனிந்து செருப்புகளை எண்ணினேன்.
இருபத்து மூன்று ஜோடி.
ஒற்றையாய் ஒன்று.

உள்ளே, ஒரு பாய்க்கு இரண்டு பேர்.
பகல் ஷிப்டுக்காரன் வந்து இரவு ஷிப்டுக்காரனை எழுப்புவான்,
தலையணையில் சூடு ஆறியிருக்காது.
ஞாயிறன்று இருவருக்கும் லீவு என்பதால்
ஒருவன் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறானாம்.
'வழக்கமாக வசிப்பவர்' என்கிறது படிவம்.
பெஞ்சையும் சேர்த்து எழுதிக்கொண்டேன்.

ஃபுல்மனியின் மகளுக்கு ஆறு வயது.
பிறந்த இடம்? தாய் மயூர்பஞ்ச் என்று தொடங்க
"இல்லீங் மிஸ், நா இங்கத்த பெரியாஸ்பத்திரில பொறந்தனுங்,
மழ பேஞ்சு கரண்டே இல்லியாமா"
என்றது குழந்தை.
கரண்டுக்குக் கட்டம் இல்லை.

பத்தாம் கட்டம், தாய்மொழி.
இந்தி, இந்தி, இந்தி என்று
வரிசையாகச் சொன்னார்கள்.
பேனாவுக்கும் பழகிவிட்டது.
தெருவில் இவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர் "இந்திக்காரனுக".
கடைசி அறையில் புதன் திர்க்கி
"இந்தின்னு போடுங்க, அது போதும்" என்றான்.

போதும்.
என் அப்பாவும் அதைத்தான் சொன்னார்,
நான் பாவாடை கட்டிய வயதில்
வந்து நின்ற வாத்தியாரிடம்.
வீட்டுக்குள் நாங்கள் பேசிய கன்னடம்
நாலு தலைமுறையாய்த் தறிச் சத்தத்துக்கு அடியில் கிடந்தது.
"தமிழ்னே எழுதிக்குங், அது போதும்."
வாத்தியாருக்கு மோர் கொடுத்தோம்.

"வீட்டுல அம்மாகிட்ட என்ன பேசுவ?"
புதன் யோசித்தான். ஃபோனை எடுத்து
அம்மா அனுப்பிய குரலை ஓடவிட்டான்.
யாரையோ வைகிறாள், ஆடு கத்துகிறது,
ஒரு சொல்லும் பிடிபடவில்லை.
நடுவில் ஒன்று மட்டும் தடுக்கியது:
நீன்.

"இன்னொருக்கா போடு."
நீன்.
அம்மா என்னை அதட்டும்போது
இந்தச் சொல்லில்தான் தொடங்குவாள், கடைசியில் ஓர் உகரம் கூடும்.
"உன்னையச் சொல்றாங்களா, 'நீ'ன்னு?"
அவன் சிரித்தான். பல்லில் குட்காக் கறை.
"உங்களுக்கு குடுக் தெரியுமா?"
தெரியாது என்றேன்.
எழுத்துக்கூட்டி எழுதினேன். கட்டம் பற்றவில்லை,
கடைசி எழுத்து பதினோராம் கட்டத்தில் போய் விழுந்தது.

வெளியே வந்து கூட்டிப் பார்த்தால் இருபத்து இரண்டு.
செருப்போ இருபத்து மூன்று.
யாரை விட்டேன் என்று
திரும்பவும் அறை அறையாக நுழையப் போனவளை
அவினாசியப்பன் நிறுத்தினார்.
"அதுல ஒரு சோடி என்றதுங்"
என்று காலை நுழைத்துக்கொண்டு நடந்தார்.

ஒற்றைச் செருப்பு யாருடையது என்று
கேட்க மறந்துவிட்டேன்.