எட்டு நிமிடம்

ஸ்டுட்கார்ட்டிலிருந்து நாத்தனார் கேட்டாள்:
"கார் எடுக்காமலா? ரெண்டு பிள்ளைகளையும் வச்சுக்கிட்டா?"
கும்பகோணத்தில் மட்டும் எங்களிடம்
எந்தக் கார் நிற்கிறது என்று திருப்பிக் கேட்கவில்லை.
போனைக் குணசீலனிடம் கொடுத்துவிட்டு
குக்கரை இறக்கப் போனேன்.

சீட்டுப் பணம் தையில் கைக்கு வந்தது.
கபிலனுக்கு ஆனியில் ஆறு நிறைகிறது.
அதுவரை அங்கே ரயிலில் அவனுக்குக் காசு கிடையாதாம்.
ஆகவே எங்கள் ஐரோப்பா
ஆனிக்கு இந்தப் பக்கம் இருக்கிறது.

உரக்கடைக் காலண்டரின் முதுகில்
யாழ்மொழி வரைந்திருக்கிறாள்:
வியன்னா, சால்ஸ்பர்க், இன்ஸ்ப்ரூக், சூரிக்.
நீலம் ரயில். பச்சை டிராம். சிவப்பு நடை.
தம்பி "கால் வலிக்குது" என்பான் என்று
அவள் சந்தேகப்படும் இடத்திலெல்லாம் ஒரு புள்ளி.
கோடுகளைவிடப் புள்ளிகள் அதிகம்.

சால்ஸ்பர்க்கில் வண்டி மாற எட்டு நிமிடம்.
"எட்டு தாராளம். அவன் ஊர் வண்டி நேரம் தப்பாது"
என்றார் குணசீலன்,
கூட்டுறவு வங்கியில் நகைக்கடனுக்கு
நாள் கணக்குப் பார்க்கிறவர்.
போனில் நாத்தனார் வெகுநேரம் சிரித்தாள்.
நான் கேட்டது வேறு:
இறங்கின பிறகுதான் ஒருவனுக்கு ஒண்ணுக்கு முட்டுமே,
அதற்கு எத்தனை நிமிடம்?
அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

"மாயவரத்தில் மாறிப் பார்த்துவிடலாம்."

மாசி ஞாயிறு.
இரண்டு பெட்டியிலும் துணிக்குப் பதில் பொன்னி அரிசி,
ஒன்றில் பதினெட்டு கிலோ, ஒன்றில் பன்னிரண்டு.
ஆடுதுறை, குத்தாலம்.
அறுத்த தாளுக்கு நடுவே
உளுந்து இரண்டிலை விட்டிருந்தது.
யாரும் பார்க்கவில்லை.
நால்வரும் ஒரு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போனோம்.

இறங்கினோம். யாழ்மொழி "ஸ்டார்ட்" என்றாள்.
படிக்கட்டின் பாதியில் பெரிய பெட்டியின் சக்கரம்
கழன்று, தனக்கென்று ஒரு வழி தேடி
ஒவ்வொரு படியாகக் கீழே போயிற்று.
குணசீலன் அதன் பின்னால்.
கபிலன் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டான்:
அடியில் ஒரு எஞ்சினைத் தனியாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.
"வா" என்றேன். "வாடா" என்றேன்.
அதற்கப்புறம் நான் சொன்னதை
எந்த நாட்டு நடைமேடையிலும் சொல்ல முடியாது.

பதினொரு நிமிடம் நாற்பது நொடி.
திருவாரூர் வண்டி
வளைவில் வாலை மட்டும் காட்டிற்று.

அடுத்தது இரண்டேகால் மணி நேரம் கழித்து.
பெஞ்சில் உட்கார்ந்தோம்.
தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தேன்.
பக்கத்தில் வாழைத்தார் வைத்திருந்தவர் கேட்டார்:
"எந்த ஊருக்குத் தம்பி?"
"சூரிக்."
"திருவாரூருக்கு அந்தாண்டையா?"
"ஆமா. மாறிப் போகணும்."
அவர் தலையாட்டிவிட்டு
அவனுக்கு இரண்டு பழம் பிய்த்துக் கொடுத்தார்.

யாரும் யாரையும் இழுக்காத இரண்டேகால் மணி நேரம்.
நான் செருப்பைக் கழற்றிவிட்டு
காலை அரிசிப் பெட்டிமேல் நீட்டிக்கொண்டேன்.
குணசீலன் சக்கரத்தைப் பொருத்திப் பொருத்திப் பார்த்தார்.
பிள்ளைகள் சரக்குப் பெட்டிகளை எண்ணினார்கள்,
நாற்பத்திரண்டா நாற்பத்து மூன்றா என்று சண்டை.
அந்தச் சண்டையைத் தீர்க்க
இன்னொரு சரக்கு வண்டியும் வந்தது.

ராத்திரி யாழ்மொழி காலண்டரைத் திருப்பினாள்.
இன்ஸ்ப்ரூக்கின் மேல் ஒரே கோடு,
அளவுகோல் வைத்து.
பாவம், அந்த ஊர் எங்களை ஒன்றும் செய்யவில்லை.
சால்ஸ்பர்க்கில் எட்டை அழித்து
இரண்டேகால் மணி என்று எழுதி
எதிரே, காரணம் என்ற இடத்தில்,
"சும்மா" என்று போட்டாள்.

"அங்க பெஞ்சு இருக்குமா?" என்றான் கபிலன்.
இருக்கும் என்றேன். இருக்க வேண்டும்.

மறுநாள்
மாயவரம் போய்வந்த அரிசியில்
ஒரு படி எடுத்து உலையில் போட்டேன்.