வல்லினம் மிகா இடம்

பூம்பாறையில் ஆடி மாதம்
மஞ்சு ஜன்னல் வழியாக ஏறி வந்து
மூன்றாம் பெஞ்சுவரை உட்கார்ந்துகொள்ளும்.
கரண்ட் இருக்கும் நாள் குறைவு.
இடுப்பு உயரத்துக்குப் பச்சை அடித்த சுவர்,
அதற்கு மேல் ஒருகாலத்து வெள்ளை,
நடுவில் பச்சைப் பலகை.
பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று
பயிற்சி முகாமில் சொல்லி அனுப்பினார்கள்.
குளிர்ச்சிக்கா இங்கே பஞ்சம்?

ஒற்று வரும் இடத்தில் மட்டும்
சிவப்புச் சாக்பீஸ். அது என் யோசனை.
வெள்ளைப் பூண்டு.
மலைப் பாதை.
பூண்டுச் சருகு.
வெள்ளை எழுத்துகளுக்கு நடுவே
நெற்றிக் குங்குமம்போல் ஒரு ப், ஒரு ச்.
வட்டாரக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது
கைதட்டினார்கள்.

யுகேந்திரன் நோட்டில் மட்டும்
ஒற்று ஒன்றுகூட இல்லை.
ஐப்பசிவரை பக்கம் பக்கமாகச் சுழித்தேன்.
பலகையைப் பார்த்துப் பத்துத் தடவை எழுதச் சொன்னேன்.
பத்துத் தடவையும் எழுதினான், இல்லாமலே.
அவன் அம்மாவைக் கூப்பிட்டு
"கவனம் பத்தலைங்க" என்றேன்.
தலையிலிருந்த மூட்டையை இறக்காமலே கேட்டு
இறக்காமலே போனாள்.

ஒருநாள் அவன் பெஞ்சுக்கு எதிரே நின்று
நோட்டைத் தலைகீழாகப் பார்த்தபோதுதான்
தெரிந்தது:
வெள்ளை, அப்புறம்
ஓர் எழுத்து உட்காரும் அளவுக்கு வெறும் தாள்,
அப்புறம் பூண்டு.
எல்லா வரியிலும் அப்படித்தான்.
ஸ்கேல் வைத்து அளந்ததுபோல.

பலகைக்குக் கூட்டிப் போய்
ப் மேல் விரல் வைத்தேன்.
"இங்க என்னடா இருக்கு?"
"எழுதி அழிச்சிருக்கீங்க டீச்சர்."
நோட்டில் என் சுழியைக் காட்டினேன்.
"இது?"
"இது தெரியுது டீச்சர்."

என் பெயர் பஞ்சவர்ணம்.
அன்று ராத்திரி அந்தப் பெயர்
எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

பள்ளி திறந்த வாரம்
பை நிறைய பிளம்ஸ் கொண்டுவந்தான்.
ஒவ்வொன்றாக மோந்து, கட்டைவிரலால் அமுக்கி,
"இது பச்சை, வேணாம்" என்று ஒதுக்கி,
பழுத்ததை மட்டும் என் மேஜையில் அடுக்கினான்.
எவ்வளவு பதமான பிள்ளை என்று நினைத்தேன்.
பச்சை என்றால் அவனுக்கு
விரலுக்குக் கெட்டியாக இருப்பது.
சிவப்பு என்றால் ஒரு வாசனை.
கிரேயான்ஸ் டப்பாவில்
மேலே சுற்றிய காகிதத்தைப் படித்துத்தான்
எடுப்பான் என்பதை
மதுநிஷா சொன்னாள். அவளுக்கு
ஒன்றாம் வகுப்பிலிருந்தே தெரியுமாம்.
"நீங்க கேக்கலியே டீச்சர்."

மார்கழியில் பெயின்ட்டுக்குப் பணம் வந்தது.
பெருமாள்மலையிலிருந்து செபஸ்தியான்
அதே பச்சை டின்னோடு வந்து இறங்கினார்.
வேண்டாம் என்றேன்.
"லிஸ்ட்ல இதாங்க டீச்சர் இருக்கு."
லிஸ்டை மாற்ற மூன்று வாரம், நாலு கையெழுத்து,
தலைமையாசிரியரின் ஒரு பெருமூச்சு.
பலகை கறுப்பாயிற்று.
சாக்பீஸ் மஞ்சள்.
பலகைச் சுவருக்குப் பழுத்த பூண்டுத்தாளின் நிறம்.
ரோஸ் வேண்டும் என்று அழுதவர்களுக்கு
ஆளுக்கொரு பெஞ்சுக் கால் கொடுத்தோம்.
மிச்ச மஞ்சளை என்ன செய்வது என்று
பீடி பிடித்தபடி யோசித்த செபஸ்தியான்
ஜன்னலின் உள்விளிம்பு நாலிலும் பூசிவிட்டார்.
யாரும் சொல்லவில்லை அவருக்கு.
இப்போது மஞ்சு உள்ளே வரும்போது
கொஞ்சம் வெயில்போல வருகிறது.

தை பிறந்ததும் சொல்வதெழுதுதல் வைத்தேன்.
யுகேந்திரன் நோட்டில்
வெள்ளைப் பூண்டு இருந்தது,
மலைப் பாதை இருந்தது,
கிடைத்த சந்தோஷத்தில் இன்னும் ஓர் இடத்தில்
'நல்லப் பையன்' என்று
மிகா இடத்திலும் மிகுந்திருந்தது.

சுழிக்கப் பேனாவை எடுத்தேன்.
சிவப்பு.
மூடி போட்டு வைத்துவிட்டேன்.

நாளைக்குச் சொல்லித் தரலாம்,
மஞ்சளில்.