மூன்றாம் மாடிக் காசாளர்

ஹால்வர்சன் கடைகள் மொத்தம் பதினொன்று,
வடக்கு டகோட்டாவின் பீட்ரூட் வயல்களுக்கு நடுவே.
நான் இருந்த அறைக்கு ஜன்னல் இல்லை.
காற்றுக்குழாயில் ஏறிவரும் பித்தளை உருளை;
திறந்தால் ரசீது, கசங்கிய நோட்டு.
வாங்கியவர் முகம் பார்த்ததில்லை.
நோட்டில் மண் ஒட்டியிருந்தால் அறுவடை,
ஐந்து சென்ட் நாணயங்களாகவே வந்தால்
பொய்த்த வருஷம்.

நெடுஞ்சாலையோரம் பெரிய கடை வந்தபின்
சில நாள் வெறும் காற்றுதான் வரும்,
மேஜைக் காகிதங்களைப் புரட்டிவிட்டுப் போகும்.

இடித்தபோது சுவருக்குள் ஓர் உருளை சிக்கியிருந்ததாம்.
டூவெய்ன் கொண்டுவந்து கொடுத்தான்.
உள்ளே என் கையெழுத்து:
திருமதி ஓஸ்ட்பி, பொத்தான் ஆறு,
மீதி நாற்பது சென்ட்.

அன்று கீழே எவ்வளவு நேரம் நின்றாரோ.

டெலிபோன் புத்தகத்தில் மூன்று ஓஸ்ட்பிகள்.
முதல் எண்ணில்
மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.