தூதன்

வோலோஸ், ஆகஸ்டு, திறந்தவெளித் திரையரங்கு.
சரளைக்கல் மேல் ஆடும் இரும்பு நாற்காலிகள்.
திரைக்குப் பின்னால் ஏதோ மாடியில்
யாரோ வெங்காயம் வதக்குகிறார்கள்.
ஐம்பது வருடம் பழைய கறுப்பு வெள்ளைப் படம்,
அதைவிடப் பல நூற்றாண்டு பழைய நாடகம்.
முடிவு எல்லோருக்கும் தெரியும்.
தெரிந்தும் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறோம்.

அரசியைப் பற்றித்தான் பேசுவார்கள்.
அவள் கழுத்து, அவள் மௌனம்,
மகனின் செருப்பை மடியில் வைத்துக்கொள்ளும் இடம்.
பக்கத்தில் என் மனைவி பொலிக்ஸேனி
கைக்குட்டையோடு தயாராக இருந்தாள்.
நான் காத்திருந்தது வேறு ஆளுக்கு.

நான்கே நிமிடம் வருகிறவன்.
குன்றிலிருந்து ஓடிவருகிறான்.
காமிரா அவனை விரட்டவில்லை,
எறும்பு ஆளாகும்வரை
பொறுத்திருக்கிறது.

மேடையில் இவனை மூன்று கோடைகளில்
மூன்று பேர் நடித்துப் பார்த்துவிட்டேன்.
மூவரும் கத்தினார்கள்.
கடைசிக் கல்வரிசைவரை சாவு போய்ச் சேரவேண்டுமே.
இவன் கத்தவில்லை.
முற்றத்தில் நின்று எச்சில் விழுங்குகிறான்.
பிறகு தண்ணீர் கேட்கிறான்.

நாடகத்தில் அந்த வரி கிடையாது.
வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தேன்.
இயக்குநர் சேர்த்ததா,
நடிகனுக்கு நிஜமாகவே தாகமா?

முப்பத்தொரு வருடம் துறைமுக அலுவலகத்தில் இருந்தேன்.
படகுப் பதிவு, வலை உரிமம், ரப்பர் முத்திரை.
ஒரு பிப்ரவரியில் அர்கீரிஸின் படகு திரும்பவில்லை.
மேலதிகாரிக்குக் காய்ச்சல்.
"நீயே போய்ச் சொல்லிவிடு" என்றார் போனில்,
வரும்போது ரொட்டி வாங்கி வா என்பதுபோல.

நான் ஓடிப் போகவில்லை.
அக்ரியாவுக்குப் பஸ்ஸில் போனேன்,
கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்டு வாங்கினேன்.
எவாந்தியா கணவாய் கழுவிக்கொண்டிருந்தாள்,
முழங்கை வரை மை.
வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம்
வாசலில் கழன்று விழுந்துவிட்டது.
"கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?"

கையைத் துடைத்தபடி உள்ளே போனாள்.
குழாய் திறக்கும் சத்தம்.
அந்த டம்ளர் நிரம்பும் நேரம்வரை
அர்கீரிஸ் கடலில்தான் இருந்தான், மீன் பிடித்துக்கொண்டு.
நான் குடித்தேன்.
மெதுவாக, முழுவதும்.

படத்தில் யாரும் அவனுக்குத் தண்ணீர் தரவில்லை.
"சொல்" என்கிறாள் அரசி.
அவன் வாய் திறந்த இடத்தில்
அறுத்து ஒட்டிய பிரிண்ட் ஒரு துள்ளு துள்ளியது.
பெயர் போய்விட்டது.
அரசி ஏற்கெனவே மண்டியிட்டிருக்கிறாள்.
யாரோ சிரித்தார்கள்.
ஆபரேட்டர் ஸ்டமாட்டிஸ் ஜன்னல் வழியாக
மன்னிப்புக் கேட்டார்.

எல்லோரும் அவள் அழுவதைப் பார்த்தார்கள்.
சட்டகத்தின் இடது ஓரத்தில் அவன் நிற்கிறான், பாருங்கள்,
பாதித் தோள்தான் தெரிகிறது.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
போ என்று யாரும் சொல்லவில்லை.

எனக்கும் யாரும் சொல்லவில்லை.
பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்,
கையில் அவள் வீட்டு டம்ளர்.
திருப்பிக் கொடுக்க எந்த நாள் பொருத்தமான நாள்?
எங்கள் சமையலறையில்தான் இருக்கிறது.
பொலிக்ஸேனி அதில் கொத்தமல்லிக் கட்டை நிறுத்தி வைக்கிறாள்.
எங்கே வாங்கினாய் என்று
ஒருமுறை கேட்டாள்.
சந்தையில் என்றேன்.