பெயரில்லாத இரண்டாவது

இரவு ஒன்று நாற்பது, கூத்தாநல்லூர்.
கனடாவில் பிற்பகல் இரண்டு.
அங்கே கோதுமையில் ஆலங்கட்டி விழுந்த
ஆயிரத்து நூற்றுப் பதினான்கு பேருக்கு
இங்கிருந்து நான் இழப்பீடு அனுப்ப வேண்டும்.
வரிசையில் நிற்பதோ
இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தொன்று.

என் சி புரோகிராமைக் குற்றம் சொல்ல முடியாது.
அதற்குத் தெரிந்தது ஒரே பெயர், கிளெய்ம்ஸ்.
எட்டு இடத்துக்குள் அடங்குகிற கூப்பிடு பெயர்.
திற என்றால் திறக்கும், படி என்றால் படிக்கும்.
அந்தப் பெயரின் முதுகில்
எந்த டேட்டாசெட்டைக் கட்டிவிட்டிருக்கிறது என்பது
ஜாப் எழுதியவனுக்கு வெளிச்சம்.
ஜாப் எழுதிய நத்தர்ஷா
ஷார்ஜாவில் இப்போது டயர் விற்கிறான்.
அவன் எழுதியதைத் திறந்து பார்க்க
எனக்கு அனுமதி இல்லை. கேட்டால் திங்கட்கிழமை வரும்.

ஆகவே ஓடுகிற புரோகிராமே
தன் வாயால் சொல்லட்டும் என்று
திறந்த கோப்பைக் கேட்டேன்:
உன் முழுப்பெயர் என்ன?
சொன்னது. இந்த ஆண்டு, இந்தக் கோடை, சரியான பெயர்.
சரியாக இருந்ததால்
நாற்பது நிமிடம் வீணாய்ப் போனது.

ஃபோன். சிராஜ், வயலிலிருந்து.
முறைத் தண்ணீர் ஒரு மணிக்கு வரவேண்டும்,
லஸ்கர் பலகையைத் தூக்கியாகிவிட்டது,
தலை மடையில் சத்தம் கேட்கிறது,
நம் வரப்பில் மட்டும் தவளை.
"நடுவுல எங்கயோ ஒடியுது."
எந்த வாய்க்கால்ல?
"அதுக்குப் பேரு ஏது? முன்னாடி உள்ளதோட சேத்திதான்."

வைத்துவிட்டான்.
நான் சூடு ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்தேன்.

பூஜ்ஜியத்திலிருந்து புறப்பட வேண்டும்.
மெயின்ஃபிரேமின் நினைவகத்தில்
முதல் முகவரி உண்மையிலேயே பூஜ்ஜியம்தான்.
அங்கிருந்து ஐந்நூற்று நாற்பது பைட் தள்ளி
ஒரு பாயிண்டர். அது காட்டுகிற இடத்தில்
பன்னிரண்டு தள்ளி இன்னொன்று.
பிறகு இருபத்து நான்கு பைட் தலைப்பு,
அதைத் தாண்டினால் வரிசை.
ஒவ்வொன்றும் தன் நீளத்தைத் தானே சொல்லும்.
நீளம் பூஜ்ஜியம் என்றால் கரை.

கிளெய்ம்ஸ் வந்தது.
அடுத்ததில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
எட்டு வெற்றிடம்.
இதை எத்தனை முறை குப்பை என்று தாண்டிப் போயிருக்கிறேன்!
வெற்றிடம் என்றால் தப்பு இல்லை,
முன்னாடி உள்ளதோட சேத்தி.

அதன் மூன்று பைட் டோக்கனை முகவரியாக மாற்றி
உள்ளே போய்ப் பார்த்தால்
நாற்பத்து நான்கு இடத்தில் முழுப்பெயர்,
மீதிக்கெல்லாம் வெறுமை.
போன ஆண்டுக் கோடை.
ஆயிரத்து இருபத்தேழு பேர்,
பணம் வாங்கிக்கொண்டு போனவர்கள்,
சத்தமில்லாமல் திரும்ப வந்து நிற்கிறார்கள்.

ஒன்பது பேர் இரண்டிலும் இருந்தார்கள்.
இரண்டு வருடமும் அதே வயலில் விழுந்திருக்கிறது.
ஒருவர் பெயர் ஹால்வர்சன், நூற்று அறுபது ஏக்கர்.
அவரை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பார்ப்பதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

ஜாபை நிறுத்தினேன். சென்னைக்கு எழுதினேன்.
புரோகிராமில் ஒரு சுற்று சேர்த்தேன்:
ஒவ்வொரு ராத்திரியும் பணம் கிளம்புமுன்
பெயருள்ளதை எழுது,
பெயரில்லாததையும் எழுது,
பூஜ்ஜியம் வரும்வரை நிற்காதே.

மூன்றரைக்கு சிராஜ் வந்தான்,
முழங்கால்வரை சேறு.
வந்துச்சா என்றேன்.
"பாதி வயலுக்கு."
யார் வெட்டினது?
சொல்லவில்லை. தெரியும்போல.
குழாயடியில் நின்று
ரொம்ப நேரம் கால் கழுவினான்.