ஏழாம் எண் விடுதி

கைப்பையின் உள்ளறையைக் கவிழ்த்துப் பார்த்ததில்
ஒன்பது வெள்ளி நாற்பது காசு.
சம்பளத்துக்கு இன்னும் நான்கு நாள்.
ஆனாலும் ஏழு வாரத்தில் முதல் முறையாக
இருவருக்கும் ஒரே நாளில் ஓய்வு.
கிடங்கில் அவனுக்கு இரவு,
மருத்துவமனைச் சலவையில் எனக்குப் பகல்.
வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.
"கடல் பக்கம் போவோமா?" என்றான் தணிகை,
கடல் அடுத்த புளோக்கில் இருப்பதைப் போல.

முதல் பஸ் பேரங்காடியுடையது.
நிறைய வாங்கப் போகிறவர்கள் மாதிரி ஏறினோம்.
காலிப் பையை மடித்து
மடியில் தெரியும்படி வைத்துக்கொண்டேன்.
அங்கே ருசி பார்க்க நீட்டிய கேக்
ஆளுக்கொரு துண்டு தின்று
பின்வாசலில் வெளியேறினோம்.

இரண்டாவது, சாங்கிக்குப் போகும் விடுதி பஸ்.
இருபது இருக்கை; ஒன்றில்
யாரோ விட்டுப்போன நீச்சல் கண்ணாடி.
ஓட்டுநர் பெயர் ரோஸ்லான், சட்டைப் பட்டையில் இருந்தது.
"எந்த எண்?" என்றார்.
"ஏழு" என்றான் தணிகை.
திருமணப் பதிவாளர் கேட்டபோதுகூட
அவ்வளவு உறுதியாய் அவன் பதில் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமைக் கடல்
பிழியாமல் போட்ட போர்வை மாதிரி கிடந்தது.
நாளெல்லாம் பார்ப்பதால் சொல்கிறேன்.
விமானம் ஒன்று தாழ வந்தது,
வயிறும் சக்கரமும் தெரிய.
இவன் கையசைத்தான்.
யாருக்கு என்றேன்.
"சன்னலோர சீட்டுக்கு."

படகுத்துறையில் பத்துப் பேர் காத்திருந்தார்கள்.
பன்னிரண்டு சேர்ந்தால்தான்
உபின் தீவுக்குப் படகு கிளம்பும்.
நாங்கள் படியிறங்கியதும்
பத்துத் தலைகளும் திரும்பின.
ஒரு பையன் விரலை மடக்கி எண்ணியே விட்டான்:
பதினொன்று, பன்னிரண்டு.
படகுக்காரர் கயிற்றில் கை வைத்தார்.
ஆளுக்கு நாலு வெள்ளி. இருவருக்கு எட்டு.
போகலாம். திரும்ப முடியாது.
திரும்பாமலே இருந்துவிட்டால் என்ன என்று
ஒரு கணம் அவனுக்கும் தோன்றியது,
எனக்குத் தெரியும்.
"சும்மா பார்க்க வந்தோம்" என்றேன்.
பையன் இரண்டு விரலையும் மறுபடி விரித்தான்.
காலையிலிருந்து ஒருவருக்கும் காசு தராமல் வந்தவள்
அந்த இரண்டு விரலுக்குக் கடன்பட்டு நின்றேன்.

அரை மணி கழித்து
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருவர் வந்தார்கள்.
யாரென்றே தெரியாது,
அவர்களை அவ்வளவு பிடித்துப்போயிற்று.
நாங்களே வழியனுப்ப வந்தவர்கள் போல
படகு சின்னதாகும்வரை நின்றோம்.

நாசி லெமாக் ஒன்று, கரண்டி இரண்டு.
முட்டையை அவன் என் பக்கம் தள்ள
நான் அவன் பக்கம் தள்ள
மஞ்சள் கரு உடைந்து
யாருக்கும் இல்லாமல் சோற்றோடு போனது.

பிறகு பெஞ்சில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டான்.
அவன் தூங்கும் நேரங்களில்
நான் எப்போதும் வேலையில் இருப்பேன்.
வாய் லேசாகத் திறந்திருக்கும் என்பதும்
இடது கை எதையோ தூக்கி அடுக்குவது போல
அவ்வப்போது அசையும் என்பதும்
ஒன்பது வருடத்தில் இன்றுதான் தெரிந்தது.
மைனா ஒன்று அவன் செருப்பைச் சோதித்தது.
விரட்டினால் விழித்துவிடுவான் என்று
விட்டுவிட்டேன்.

ஆறே காலுக்குக் கடைசி பஸ். அதே ரோஸ்லான்.
எங்களைத் தவிர யாரும் இல்லை.
கதவு மூடியதும் கண்ணாடியில் பார்த்தார்.
"ஏழில் ஏர்கான் சரியாக ஓடுகிறதா?"
"கொஞ்சம் சொட்டுகிறது" என்றான் தணிகை.
"மற்றபடி பரவாயில்லை."
"சொட்டும், சொட்டும்" என்றார்.
"கட்டடத்தை இடித்தே மூன்று வருஷமாகிறதே."

லோயாங் சிவப்பு விளக்கில் பஸ் நின்றது.
மூவரும் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
நீச்சல் கண்ணாடி இன்னும் அதே இருக்கையில்.
பச்சை விழுந்தது.
"அடுத்த தடவை பதினான்கு என்று சொல்லுங்கள்.
அங்கிருந்து கடல் தெரியும்."